எராஸ்மஸ் பிளஸ் கூட்டுத் திட்டம்: பெரிய அழைப்பை ஏற்பதா, சிறியதாக நாமே தொடங்குவதா?

கீற்று (திங்கள், காலை 8.40)

அனைவருக்கும் வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் இங்கே எழுதுகிறேன். இந்த வேலையில் பழகியவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய கல்வி மையம் நடத்துகிறோம். வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெண்கள்தான் எங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர். காலையில் மொழி வகுப்பு, மாலையில் முதியோர் பராமரிப்பு வேலைக்கான அடிப்படைப் பயிற்சி. ஆறு பேரில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இரண்டு பேர் மட்டும். மற்றவர்கள் தங்கள் வேலை முடிந்த பிறகு வந்து சொல்லிக்கொடுப்பவர்கள்.

போன வாரம் வேறொரு நாட்டிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. எராஸ்மஸ் பிளஸ், அதாவது கல்விக்கும் பயிற்சிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தரும் நிதி; அதில் வயது வந்தோர் கல்விப் பிரிவு, கூட்டுறவுத் திட்டம். 2,50,000 யூரோ, ஏழு நாடுகள், மூன்று ஆண்டுகள். களத்தில் வேலை செய்யும் எங்களைப் போன்ற அமைப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கம் இரண்டு பக்கம். கையெழுத்திட்ட மாண்டேட் கடிதத்தை (எங்கள் சார்பில் செயல்பட அவர்களுக்கு நாங்கள் தரும் அனுமதி) வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். எங்கள் பங்கு எவ்வளவு, எங்கள் வேலை என்ன என்பது அதில் எங்கும் இல்லை.

எங்கள் தலைவருக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். இருந்தாலும் ஏதோ நெருடுகிறது. சேரலாமா? இல்லை, சிறியதாக நாங்களே ஒன்று தொடங்கலாமா?

ஊன்றுகோல் (திங்கள், காலை 10.05)

கீற்று, அந்த நெருடலை நம்புங்கள்.

முதலில் ஒரு கணக்கு போடுங்கள். 2,50,000 யூரோவை ஏழு பேர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 35,700. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000 யூரோகூட வராது. ஒருங்கிணைக்கும் நிறுவனம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பதால் உங்கள் கைக்கு வருவது இன்னும் குறையும். அந்தப் பணத்தில் கூட்டங்களுக்குப் பயணம், மொழிபெயர்ப்பு, அறிக்கை, உங்கள் ஆசிரியர்களின் நேரம் எல்லாம் அடங்க வேண்டும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். சிறு அளவிலான கூட்டுத் திட்டம், அதாவது கேஏ 210, 30,000 அல்லது 60,000 யூரோ தரும். இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு அமைப்புகள் இருந்தாலே போதும். 6 மாதத்திலிருந்து 24 மாதம் வரை நடத்தலாம். 60,000ஐ இரண்டு அமைப்புகள் பாதிப்பாதி பிரித்து இரண்டு ஆண்டு நடத்தினால் மாதம் 1,250 யூரோ. தொகையின் பெயர்தான் சிறியது. உங்கள் மேசைக்கு வந்து சேருவது அதிகம், என்ன செய்வது என்று தீர்மானிப்பதும் நீங்கள்தான்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த வேலைக்குள் வந்தபோது வயது வந்தோர் கல்விக்கு 'கிரன்ட்விக்' என்று தனித் திட்டம் இருந்தது, தொழிற்பயிற்சிக்கு 'லியோனார்டோ டா வின்சி'. லியோனார்டோ 1995ல் தொடங்கியது, கிரன்ட்விக் 2000ல். 2007ல் இரண்டையும் வாழ்நாள் கல்வித் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் 'முன்னேற்பாட்டுப் பயணம்' என்று ஒன்று உண்டு. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னாலேயே கூட்டாளியின் ஊருக்குப் போய், அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். அதற்கென்றே ஒரு சிறு உதவித்தொகை. கிரன்ட்விக் கற்றல் கூட்டுறவில் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் பணமே கொடுத்தார்கள். படிப்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

2014ல் எல்லாம் எராஸ்மஸ் பிளஸ் ஆனபோது இந்தச் சின்னப் படிகள் போய்விட்டன. விண்ணப்பம் கனத்தது, மின்னஞ்சல் வழியாகவே கூட்டாளி தேடுவது வழக்கமாகிவிட்டது. மாலை வகுப்பு நடத்தும் சிறிய அமைப்புகள் பல அப்போதே ஒதுங்கிக்கொண்டன. எனக்குத் தெரிந்தவர்களே பலர். சின்னப் படி மறுபடி வந்தது 2021ல், கேஏ 210 என்ற பெயரில். முதல்முறை வருபவர்களுக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அதில் ஏறுங்கள் என்பதுதான் என் யோசனை.

எண்சுவடி (திங்கள், நண்பகல் 12.20)

நான் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் கணக்குப் பார்க்கிறேன். ஊன்றுகோல் ஐயா சொன்ன வகுத்தல் சரி. அதோடு ஒன்று சேர்க்க வேண்டும்.

இப்போது பணம் வருவது 'மொத்தத் தொகை' முறையில். பெரிய திட்டங்களில், அதாவது கேஏ 220ல், 1,20,000, 2,50,000, 4,00,000 என்று மூன்று அளவு. இதைக் கேட்டதும் ரசீதே வேண்டாம் போலிருக்கிறது என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். பாதிதான் உண்மை. பயணச்சீட்டையும் விடுதி ரசீதையும் தேசிய முகமைக்கு (அந்தந்த நாட்டில் இந்த நிதியைக் கையாளும் அமைப்பு) அனுப்பத் தேவையில்லைதான். ஆனால் சொன்ன வேலை நடந்ததா, சொன்ன தரத்தில் நடந்ததா என்று கேட்பார்கள். ஒரு வேலைத் தொகுப்பு, அதாவது திட்ட வேலையின் ஒரு பகுதி, பாதியில் நின்றால் அதற்குரிய பணத்தில் வெட்டு விழும். உங்கள் நாட்டுக் கணக்குச் சட்டம் வழக்கம்போல இருக்கும், ஆகவே ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த நிறுவனத்திடம் கேட்பது இதுதான். எந்த வேலைத் தொகுப்பில் எங்கள் பெயர் இருக்கிறது, அதற்கு எத்தனை யூரோ, எப்போது எங்கள் கணக்குக்கு வரும்? நிர்வாகத்துக்கு எத்தனை சதவீதம்? கேஏ 220ல் நிர்வாகத் தொகுப்பு மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டாலே பேச்சு தெளிந்துவிடும். நேரடியாகப் பதில் சொல்பவர்களோடு வேலை செய்யலாம். 'திட்டம் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழிப்போக்கன் (திங்கள், மாலை 6.55)

அந்த 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' எங்களுக்கு நடந்தது.

ஐந்து நாடுகள், இளம் தொழிற்பயிற்சியாளர்களுக்கான திட்டம். ஒருங்கிணைப்பாளர் யார், எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. முதல் தவணை வந்தது. இரண்டாவது ஆண்டிலிருந்து மின்னஞ்சலுக்குப் பதில் வருவது குறைந்தது. எங்கள் பயிற்றுநர் ஒருவர் மாலை நேரங்களில் உட்கார்ந்து நான்கு பாட அலகுகள் எழுதிமுடித்தார். அவருக்கு அதற்கான பணத்தை எங்கள் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுத்தோம். கடைசித் தவணை எங்களுக்கு வரவே இல்லை. இறுதி அறிக்கைக்குக் குறைந்த மதிப்பெண் கிடைத்து நிதி வெட்டப்பட்டது என்று ஒரு வரியில் சொன்னார்கள். அந்த அறிக்கையை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தேசிய முகமையிடம் கேட்டோம். தாங்கள் பணம் கொடுப்பதும் பேசுவதும் ஒருங்கிணைப்பாளரோடுதான், எங்களோடு இல்லை என்றார்கள்.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. அந்தப் பயிற்றுநர் எழுதிய நான்கு அலகுகளும் ஓர் இணையதளத்தில் இருந்தன. தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் யாரும் கட்டவில்லை, மூடிவிட்டார்கள். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் தப்பியது. அதை வைத்து அவர் இன்றும் பாடம் நடத்துகிறார்.

கீற்று, மாண்டேட் கடிதம் மட்டும் போதாது. அது உங்கள் சார்பில் விண்ணப்பிக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் ஒருங்கிணைப்பாளருக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. கூட்டாளிகளுக்கிடையில் தனி உடன்படிக்கை வேண்டும். பணம் எந்த மாதம், எந்த வேலைக்கு, தகராறு வந்தால் என்ன செய்வது, அறிக்கையை அனுப்பும் முன் எல்லோருக்கும் காட்டுவார்களா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாங்கள் அப்படி ஒன்றை எழுதி வைக்கவில்லை.

இழைப்புளி (செவ்வாய், காலை 7.15)

நான் தச்சுத் தொழில் கற்றுக்கொடுப்பவன். விண்ணப்பம், தவணை எல்லாம் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்தது பட்டறைக்குள் நடப்பது மட்டும்தான், அதைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் வேறு நாட்டிலிருந்து ஒரு தச்சுப் பயிற்றுநர் எங்கள் பட்டறைக்கு வந்தார். திட்டத்தில் அவருக்கு இரண்டு நாள். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் சொற்பம். மொழிபெயர்ப்பாளர் முதல் நாள் தாமதமாக வந்தார். அதுவரை சும்மா நிற்க முடியாதல்லவா, என் மாணவர் ஒருவர் ஆணி இல்லாமல் இரண்டு பலகைகளைக் கோக்கும் வேலையில் இருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாணவர் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் உளியை வைத்தார். வந்தவர் மெதுவாகக் கையைக் காட்டி நிறுத்தினார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். வேறொரு துண்டில், அளவுச் சட்டத்தை வைத்து, கத்தியால் ஒரே கீறு. அப்புறம் உளியின் முனையை அந்தக் கீறலில் வைத்துவிட்டுக் கையை லேசாகத் தளர்த்தினார். உளி நகரவே இல்லை, கீறலுக்குள் தானாக உட்கார்ந்துகொண்டது. பென்சில் கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு. அந்த அகலத்துக்குள் எங்கே வெட்டுவது என்று கற்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கீறலில் ஊகத்துக்கு இடமில்லை. எனக்குக் கத்திக்கோடு தெரியாதது இல்லை. ஆனால் புதியவர்களுக்கு அதை முதல் வாரத்திலேயே கொடுக்கலாம் என்று நான் நினைத்ததில்லை. கத்தி கைதேர்ந்தவர்களுக்கு என்று வைத்திருந்தேன்.

பதிலுக்கு எங்கள் பட்டறையில் கருவிகளைச் சுவரில் வரைந்த உருவங்களின் மேல் மாட்டிவைக்கும் முறையை அவர் நீண்ட நேரம் பார்த்தார். எது திரும்பி வரவில்லை என்று ஒரு பார்வையில் தெரியும். அவர் தன் பட்டறையில் அதைச் செய்துவிட்டுப் படம் அனுப்பினார்.

நான்கு நிமிடம் இருக்கும் அந்தக் கத்தி விஷயம். எந்த வேலைத் தொகுப்பிலும் அது எழுதப்படவில்லை. அந்தத் திட்டத்தில் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்ததும், இன்றைக்கும் நிற்பதும் அது ஒன்றுதான். ஆகவே கீற்று அவர்களே, யாரோடு சேர்ந்தாலும் சரி, சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னொருவர் வகுப்பில் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு நாட்கள் ஒதுக்குங்கள். கூட்ட அறையில் இதெல்லாம் நடக்காது.

கீற்று (செவ்வாய், காலை 9.30)

இழைப்புளி அண்ணா, உங்கள் பதிவை எங்கள் ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பராமரிப்புப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் உடனே கேட்டார், 'படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை மற்ற நாட்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா?' எங்கள் பெண்கள் அதிகம் திணறுவது அதில்தான். கைவேலை வருகிறது. ஆனால் செய்துகொண்டே முதியவரிடம் பேச வேண்டும், 'இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன், வலிக்கிறதா' என்று. அந்த வாக்கியம் அந்த நேரத்தில் வாயில் வருவதில்லை. பயந்து பேசாமலே செய்துவிடுகிறார்கள். முதியவர் திடுக்கிடுகிறார்.

நெடுவழி (செவ்வாய், பிற்பகல் 2.10)

எல்லோரும் சிறியதே நல்லது என்ற பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லத் தோன்றுகிறது. நான் பெரிய திட்டங்களில் பத்தாண்டுக்கு மேலாக இருக்கிறேன், அவற்றை நம்புகிறேன்.

பயிற்றுநர் பயிற்றுநரிடமிருந்து கற்பது அருமையான விஷயம். ஆனால் கீற்று சொல்லும் அந்தப் பெண் ஒரு நாட்டில் பராமரிப்புப் பயிற்சி முடித்துவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போனால் அவர் படித்தது அங்கே செல்லுபடியாக வேண்டாமா? அதற்கு இரண்டு சிறிய மையங்கள் போதாது. தேர்வு நடத்தும் அமைப்பு, தொழில் சங்கம், அமைச்சகத்தின் ஆட்கள், முதலாளிகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 2002ல் கோபன்ஹேகன் பிரகடனத்தில் தொழிற்கல்விக்கான ஒத்துழைப்பை நாடுகள் ஏற்றுக்கொண்டன. 2008ல், நாடுகளின் கல்வித் தகுதிகளை ஒப்பிட, எட்டு நிலைகள் கொண்ட ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் வந்தது. இவை மேலிருந்து வந்த ஆவணங்கள்தான். ஆனால் ஒவ்வொரு தொழிலிலும் 'இந்தத் திறன் இருந்தால் இந்த நிலை' என்று உட்கார்ந்து எழுதியதில் பல நாடுகள் சேர்ந்த கூட்டுத் திட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று. இன்று தொழில் பழகும் ஓர் இளைஞர் எராஸ்மஸ் புரோ வழியாக 90 நாளிலிருந்து 12 மாதம் வரை இன்னொரு நாட்டில் போய் வேலை கற்க முடிகிறது. அங்கே கற்றதை இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இரு பக்கமும் ஒரே அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை, இரண்டு மையங்கள் சேர்ந்து படஅட்டை போன்ற சின்னப் பாடப்பொருள் செய்யும் திட்டம் உருவாக்காது.

கீற்றுக்கு வந்த அழைப்பு நல்லதா என்று கேட்டால், எனக்கும் சந்தேகம்தான். ஒருவர் பங்கு என்ன என்று சொல்லாத அழைப்பு நல்ல அழைப்பு அல்ல. அதற்காகப் பெரிய கூட்டுத் திட்டம் என்றாலே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஊன்றுகோல் (செவ்வாய், இரவு 8.45)

நெடுவழி சொல்வதை ஏற்கிறேன். தகுதியை ஏற்கும் வேலை பெரிய மேசையில்தான் நடக்கும். என் கேள்வி, அந்த மேசையில் மாலை வகுப்பு நடத்துபவருக்கு நாற்காலி போடப்படுகிறதா என்பது மட்டும்தான். 'களப்பணி அமைப்பு' என்று பெயரைச் சேர்த்துவிட்டு, கடைசியில் 'உங்கள் மாணவர்கள் 30 பேரிடம் இந்தக் கேள்வித்தாளை நிரப்பி வாங்குங்கள்' என்று அனுப்புவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பண ஒதுக்கீட்டையும் பாருங்கள். 2021 முதல் 2027 வரையிலான எராஸ்மஸ் பிளஸுக்கு ஏறக்குறைய 2,620 கோடி யூரோ. சட்டப்படி அதில் கல்வி, பயிற்சிப் பகுதிக்கு 83 சதவீதம். அந்தப் பகுதிக்குள் தொழிற்கல்விக்குக் குறைந்தது 21.5 சதவீதம், வயது வந்தோர் கல்விக்குக் குறைந்தது 5.8 சதவீதம். வேலை பார்த்துக்கொண்டும் குழந்தை வளர்த்துக்கொண்டும் மாலையில் வந்து படிப்பவர்களுக்கு ஒதுக்கியது எவ்வளவு குறைவு என்று இதிலேயே தெரிகிறது. இந்தக் குறைந்த பணம் கையேடாகவும் இணையதளமாகவும் மாறிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அது ஆசிரியரின் நேரமாக மாற வேண்டும்.

கிரன்ட்விக் என்ற பெயரை வைத்தார்களே, அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். டென்மார்க்கின் பாதிரியார், 1783ல் பிறந்தவர். தேர்வுக்காக இல்லாமல் வாழ்க்கைக்காகப் படிக்கும் பள்ளி வேண்டும், அங்கே ஏட்டைவிட வாய்ப்பேச்சு உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதினார். அவருடைய எண்ணத்தில் பிறந்த முதல் மக்கள் உயர்பள்ளி 1844ல் ரொடிங் என்ற ஊரில் திறந்தது, விவசாயிகளின் பிள்ளைகளுக்காக. வாயில் வராத அந்த வாக்கியத்தைப் பற்றிக் கீற்று எழுதியதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

கீற்று, உங்கள் திட்டம் அந்த வாக்கியம்தான். அதற்கு மேல் எதையும் தேட வேண்டாம்.

கடலோரம் (புதன், காலை 6.20)

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு தொழிற்பயிற்சி நிலையம். எங்களைப் போன்றவர்கள் இவற்றில் சேர வழி உண்டா?

நெடுவழி (புதன், காலை 8.00)

உண்டு, ஆனால் வாசல் குறுகல். சிறு அளவிலான கேஏ 210ல் முடியாது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் திட்டத்தோடு இணைந்த ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே, வட மாசிடோனியா, செர்பியா, துருக்கி ஆகியவற்றுக்கும் மட்டும். கேஏ 220ல் பெலாரஸ், ரஷ்யா தவிர மற்ற நாடுகளின் அமைப்புகள் கூட்டாளியாகச் சேரலாம், ஒருங்கிணைப்பாளராக முடியாது. நீங்கள் இல்லாவிட்டால் திட்டத்தில் ஒரு குறை இருக்கும் என்பதை விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். வெறுமனே ஒரு நாட்டின் பெயரைக் கூட்டுவதற்காகச் சேர்த்தால் மதிப்பீட்டாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால் உங்களிடம் மட்டும் இருக்கும் அனுபவம் எது என்று முதலில் யோசியுங்கள். பள்ளிச் சான்றிதழே இல்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துப் பழகியிருக்கிறீர்கள் என்றால், ஐரோப்பாவில் பல மையங்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன.

'இணைக் கூட்டாளி' என்ற பெயரில் அழைத்தால் கவனம். அந்தப் பெயரில் சேருபவர்களுக்குத் திட்டத்திலிருந்து பணம் வராது.

கடலோரம் (புதன், காலை 8.25)

மிக்க நன்றி. எங்கள் நிலையத்தில் பாதிப்பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். இதை ஒரு பலமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எண்சுவடி (புதன், காலை 11.40)

கீற்று சிறியதாகத் தொடங்குவதென்றால் நடைமுறை கொஞ்சம் சொல்லிவைக்கிறேன். விண்ணப்பிப்பது ஒருங்கிணைக்கும் அமைப்பு மட்டும்தான், தன் நாட்டுத் தேசிய முகமையிடம். கூட்டாளி தனியாக அவர் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இரு அமைப்புகளுக்கும் ஓஐடி என்ற பதிவு எண் வேண்டும். சிலர் பிஐசி எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். அது பிரசெல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம் நேரடியாக நடத்தும் திட்டங்களுக்கானது. கடைசி நாள் என்றால் பிரசெல்ஸ் நேரப்படி நண்பகல் 12 மணி, நள்ளிரவு அல்ல. மாலையில் அனுப்பலாம் என்று உட்கார்ந்து ஓர் ஆண்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மதிப்பெண் 100க்கு. தேறுவதற்குக் குறைந்தது 60 வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் பாதியாவது எடுத்திருக்க வேண்டும். கேஏ 210ல் அதிக எடை இரண்டு பிரிவுக்கு: திட்டம் ஏன் தேவை, எப்படி நடத்தப்போகிறீர்கள். இரண்டுக்கும் 30, 30. தேவையைப் பற்றி எழுதும்போது உங்கள் வகுப்பில் கண்டதை எழுதுங்கள்.

வழிப்போக்கன் (புதன், மாலை 5.30)

கூட்டாளியை எப்படித் தேடுவது என்று யாரும் சொல்லவில்லையே. வயது வந்தோர் கல்விக்கான ஐரோப்பிய இணையதளமான எபாலேயில் கூட்டாளி தேடும் பகுதி இருக்கிறது, அதில் எழுதிப்போடலாம். ஆனால் அதைவிட நல்லது தேசிய முகமைகள் நடத்தும் தொடர்புக் கருத்தரங்கு. இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் பல நாட்டு அமைப்புகள் சந்திக்கும். பயணச் செலவின் பெரும்பகுதியை முகமையே ஏற்கும். ஊன்றுகோல் ஐயா சொன்ன முன்னேற்பாட்டுப் பயணத்துக்கு இன்று இருக்கும் மாற்று இதுதான். எங்களுக்கு அந்தக் கசப்பு நடந்த பிறகு, அப்படி ஓர் இடத்தில் சந்தித்தவர்களோடுதான் இப்போது வேலை செய்கிறோம். முதல் நாளே அவர்களிடம் எங்கள் பழைய கதையைச் சொல்லிவிட்டேன். அன்று மாலையே உட்கார்ந்து பணப் பகிர்வை ஒரு தாளில் எழுதினார்கள்.

நார்டிக், பால்டிக் நாடுகளில் இருப்பவர்கள் நோர்ட்பிளஸ் திட்டத்தையும் பாருங்கள். அதில் வயது வந்தோர் கல்விக்குத் தனிப் பிரிவு உண்டு.

கீற்று (வியாழன், இரவு 10.15)

இன்று மூன்று விஷயம் நடந்தது.

காலையில் அந்த ஆலோசனை நிறுவனத்துக்கு எண்சுவடி சொன்ன கேள்விகளை அப்படியே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: பங்கு விவரம் அனுமதி கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம், நாளைக்குள் கடிதம் வேண்டும். தலைவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, 'சரி, வேண்டாம்' என்றார். மரியாதையாக மறுத்து எழுதிவிட்டேன்.

மதியம் தேசிய முகமைக்குத் தொலைபேசியில் பேசினேன். அடுத்த தொடர்புக் கருத்தரங்குக்கு எங்கள் பராமரிப்புப் பயிற்றுநரை அனுப்பக் கேட்டிருக்கிறேன். நான் போகவில்லை, சொல்லிக்கொடுப்பவர் போகட்டும்.

மாலையில் எல்லோரும் உட்கார்ந்து தேவையைப் பற்றி ஒரு பத்தி எழுதினோம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்:

"எங்களிடம் படிக்கும் பெண்களுக்கு முதியவரைப் பாதுகாப்பாகத் தூக்கவும் திருப்பவும் தெரிகிறது. ஆனால் அதைச் செய்யும்போதே அவரிடம் பேச முடிவதில்லை. மொழி வகுப்பில் கற்ற வாக்கியம் படுக்கையருகில் நினைவுக்கு வருவதில்லை, ஏனென்றால் அதை அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கற்றார்கள். மொழி ஆசிரியரும் பராமரிப்புப் பயிற்றுநரும் ஒரே அறையில், ஒரே படுக்கையருகில், சேர்ந்து கற்பிக்கும் முறையை இன்னொரு நாட்டு மையத்தோடு சேர்ந்து உருவாக்க விரும்புகிறோம்."

ஊன்றுகோல் (வெள்ளி, காலை 7.50)

இதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். கீழே மட்டும் இரண்டு மூன்று வரி சேருங்கள்: எத்தனை பெண்கள், இப்போது எத்தனை பேர் பயிற்சிக் காலத்தில் திணறி விலகுகிறார்கள், அதை எப்படி அறிந்தீர்கள். உங்கள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும்.

திட்டத்தின் விளைவு என்ன என்று கேட்கும் இடத்தில் இணையதளம் என்று எழுத வேண்டாம். படுக்கையருகில் வைத்துப் பார்க்கும் படஅட்டைகள் செய்யுங்கள். ஒரு பக்கம் கை எங்கே இருக்க வேண்டும் என்ற படம், மறுபக்கம் அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம். திட்டத்தில் செய்யும் பாடப்பொருளை எல்லோரும் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்பது எப்படியும் விதி. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

நெடுவழி, படஅட்டை அளவுகோல் ஆகாது என்றீர்கள். ஆனால் இந்த அட்டைகளை இரண்டு நாட்டிலும் ஓர் ஆண்டு பயன்படுத்திப் பார்த்தால், பராமரிப்பு வேலைக்கு எந்த அளவு மொழி போதும் என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கும். உங்கள் பெரிய மேசைக்கு அது வேண்டாமா?

நெடுவழி (வெள்ளி, காலை 8.30)

கட்டாயம் வேண்டும். மொழித் தகுதியைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இப்படிப்பட்ட சான்று அபூர்வம். கீற்று, முதல் ஆண்டு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். நான் இருக்கும் குழுவில் உங்கள் பயிற்றுநரைப் பேச வைக்கிறேன்.

இழைப்புளி (வெள்ளி, மாலை 6.10)

அட்டை செய்யும்போது படங்களை எதிரில் நின்று எடுக்காதீர்கள். செய்பவரின் கண் உயரத்திலிருந்து, அவர் கை எப்படித் தெரிகிறதோ அப்படி எடுங்கள். எங்கள் கையேட்டில் எதிரில் நின்று எடுத்துவிட்டோம், மாணவர்களுக்கு இடக்கை எது வலக்கை எது என்று குழப்பம் வந்தது.

கீற்று (வெள்ளி, இரவு 9.05)

குறித்துக்கொண்டேன் அண்ணா. நாளை வகுப்பில் ஒரு பெண்ணின் நெற்றியில் கைபேசியைக் கட்டி எடுத்துப் பார்க்கப் போகிறோம். பதிவேட்டையும் எடுத்து எண்ணினேன்: போன ஆண்டு 41 பேர் சேர்ந்தார்கள், பயிற்சிக் காலத்தில் விலகியவர்கள் 13 பேர். அந்த 13 பேரில் ஒன்பது பேருடைய தொலைபேசி எண் இன்னும் இருக்கிறது. ஏன் விலகினார்கள் என்று திங்கட்கிழமை முதல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.